மெதுவா ஊதுங்க, அம்மா

நியூ ஜெர்சியின் எடிசனில் எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி ஒரு தோழி இருக்கிறாள். அவளுடைய அம்மா கோபிச்செட்டிபாளையத்துப் பள்ளி ஒன்றில் முப்பது வருடத்துக்கும் மேல் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது மகளோடு இங்கேயே இருக்கிறார். போன மே மாதம், ஓக் மரத்து மகரந்தம் கார்களின் மேல் மஞ்சள் மாவு தூவியதுபோலப் படிந்திருந்த நாட்களில், அவருக்கு இரவு இருமல் விடவேயில்லை. பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாராம். நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். நுரையீரல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை இருவரும் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார்கள். உட்கார்ந்ததும் அம்மா கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஊதச் சொன்னாங்க கண்ணு. அறுவத்திரெண்டு வந்திருக்குது. ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே?"

காகிதத்தில் 'ஃபீனோ' என்று ஒரு சொல், எதிரே 62, பக்கத்தில் பிபிபி என்று மூன்று எழுத்து. வேறு விளக்கம் எதுவும் இல்லை. அம்மாவுக்கு ஒரு குறையும் இருந்தது. "நான் நல்லா பலமாத்தான் ஊதினேன். அந்தப் பொண்ணுதான் 'மெதுவா, மெதுவா'ன்னு சொல்லி மூணு தடவை திரும்பத் திரும்ப ஊத வெச்சுட்டா. விட்டிருந்தா எம்பது வாங்கியிருப்பேன்."

இந்தச் சோதனையைப் பற்றி நம்மில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் தவறான எண்ணம் அந்தச் சில வாக்கியங்களில் முழுதாக அடங்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நாமும் ஒரு டீ குடிக்கும் நேரம் நடந்து பார்க்கலாம்.

எண்ணம் தவறு என்றாலும் அது வந்த வழி நியாயமானது. ஊதுவது என்றாலே நமக்குப் பலம்தான். சங்கு ஊதுகிறவரைப் பார்த்தாலும் நாதஸ்வரக் கச்சேரி கேட்டாலும் "என்ன தம்!" என்றுதான் வியக்கிறோம். கொரோனா காலத்தில் மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி வீட்டுக்கு வீடு வந்தது நினைவிருக்கும். உண்மையில் அது மூச்சை இழுக்கிற கருவி. ஆனால் மூன்றாவது பந்து மேலே போனால் நுரையீரல் தேறிவிட்டது என்று வீடே சந்தோஷப்பட்டது. மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரி என்ற சோதனை செய்துகொண்டவர்களுக்கும் அனுபவம் அதுதான். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்துவார்கள்.

ஸ்பைரோமெட்ரி கேட்கும் கேள்வி வேறு. முழு மூச்சை இழுத்து முழு வேகத்தில் வெளியே தள்ளினால் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வருகிறது, மொத்தம் எவ்வளவு வருகிறது என்று அது அளக்கிறது. குழாய் சுருங்கியிருந்தால் முதல் விநாடியில் வரும் காற்று குறையும். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் வரும் வேகத்தைப் பார்த்து உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுபோல. அதற்குப் பலமாக ஊதித்தான் ஆகவேண்டும்.

அம்மாவுக்குச் செய்த சோதனை காற்றின் வேகத்தைக் கேட்கவில்லை. அது கேட்டது, இந்தக் காற்று எந்த வழியாக வந்தது, வரும்போது எதைத் தூக்கிக்கொண்டு வந்தது என்று. கண்ணை மூடிக்கொண்டு ஊர்ப் பேருந்தில் போகும்போது மல்லிகை வாசனை வந்தால் பூக்கடை, காப்பிக் கொட்டை வறுபடும் வாசனை வந்தால் முக்குக் கடை என்று தெரிந்துகொள்கிறோம் இல்லையா? காற்று சொன்ன சேதி அது. உடம்புக்குள் நடப்பதை இப்படி வெளியில் நின்றே காட்டிக்கொடுக்கும் பொருளுக்கு மருத்துவர்கள் பயோமார்க்கர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சமையலறைக்குள் எட்டிப் பார்க்காமலே பெருங்காய வாசனையை வைத்து இன்றைக்குச் சாம்பார் என்று சொல்கிறோமே, அந்தப் பெருங்காய வாசனை ஒரு பயோமார்க்கர்.

அப்படியானால் நம் மூச்சில் என்னென்ன இருக்கிறது? பெரும்பகுதி நைட்ரஜன், அது சும்மா உள்ளே போய் வெளியே வருகிறது. உள்ளே போகும்போது 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் வெளியே வரும்போது 16 சதவீதத்துக்கு அருகில் குறைந்திருக்கும். கரியமில வாயு 0.04 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 4 சதவீதமாக ஏறியிருக்கும். பிறகு நிறைய நீராவி. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது இத்தோடு முடிந்துவிடும். மூச்சில் இதற்கு மேலும் ஒரு கூட்டமே இருக்கிறது என்று காட்டியது கலிஃபோர்னியாவில், வளைகுடாப் பகுதியில் நடந்த வேலை. வேதியியலுக்கும் அமைதிக்குமாக இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் அப்போது ஸ்டான்ஃபோர்டில் இருந்தார். மூச்சுக் காற்றைக் குளிரவைத்துப் பிடித்து, அதில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, ஏறக்குறைய 250 பொருள்கள் இருப்பதாக 1971இல் அவரும் உடன் உழைத்தவர்களும் எழுதினார்கள். ஒவ்வொன்றும் அணுவளவு. ரத்தத்தில் ஓடுவது நுரையீரலின் மெல்லிய சுவர் வழியாகக் காற்றுக்குள் கசிகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரிலிருந்தும் கசிகிறது. வாயிலிருந்தும் வயிற்றிலிருந்தும் கொஞ்சம் வந்து சேர்ந்துகொள்கிறது.

இத்தனையில் அம்மாவின் காகிதத்தில் 'ஃபீனோ' என்று குறித்திருந்தது ஒரே ஒரு வாயுவின் அளவை. பாலிங் எண்ணிய அந்த 250இல் சேராத, அதையெல்லாம்விடச் சின்ன மூலக்கூறு. நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். பல் டாக்டர் முகர்ந்துபார்க்கக் கொடுக்கும் சிரிப்பு வாயுவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நைட்ரஸ் ஆக்சைடு, இந்தக் குடும்பத்தில் வேறொரு பிள்ளை.

நைட்ரிக் ஆக்சைடை வெகுகாலம் நாம் கார்ப் புகையில் வரும் கேடாக மட்டுமே அறிந்திருந்தோம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தேடிப்போன ஃபெரிட் முராட், அந்த மருந்து உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடை விடுவித்துத்தான் ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது என்று 1977இல் கண்டுபிடித்தார். நம் ரத்தக்குழாய்கள் தாமாகவே அந்த வாயுவைத் தயாரிக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. 1998இல் ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ இருவரோடும் முராட் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது டெக்சாஸில், ஹூஸ்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கிடையில் 1991இல் சுவீடனில், கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் மனித மூச்சிலும் இந்த வாயு வருகிறது என்று காட்டினார்கள். 1993இல் இன்னொன்று தெரிந்தது. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சில் இது மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

ஏன் அதிகம்? இங்கே நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல் உதவிக்கு வரும். தமிழ்நாட்டில் இருமலும் இளைப்புமாகப் போன எத்தனையோ பேர் "ரத்தத்துல ஈஸ்னோபீலியா இருக்குதாம்" என்று சொல்லிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். ஈசினோஃபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. ஒவ்வாமை வந்தால் கிளம்பி வரும் படை. ஓக் மகரந்தமோ, டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் குளிர்காலத்தில் எல்லோரையும் தும்மவைக்கும் சீடர் மகரந்தமோ, மெத்தையில் குடியிருக்கும் தூசிப் பூச்சியோ, பூனை முடியோ, எதுவாக இருந்தாலும், அது சிலருடைய மூச்சுக்குழாயில் பட்டதும் பாதுகாப்பு அணுக்கள் அபாயச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்திக்கு ஈசினோஃபில்கள் வந்து குவிகின்றன. அதே செய்தியைக் கேட்டு மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்களும் விழித்துக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதியை ஏராளமாக உண்டாக்குகின்றன. சுவர் சிவந்து, தடித்து, ஈரம் கசிந்து நிற்கும் இந்த நிலைக்கு அழற்சி என்று பெயர். கொசு கடித்த இடம் தடித்துச் சிவப்பதைப் பார்த்திருக்கிறோம். அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குழாய் நெடுக நடப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அதிகம் வந்தால் உள்ளே இந்த ஒவ்வாமை வகை அழற்சி மூண்டிருக்கிறது என்று பொருள். அழற்சி தணிந்தால் வாயுவும் குறையும். காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மாமீட்டரைப்போல. எண் ஏறுவது நல்ல சேதி அல்ல.

இதை நான் சொன்னதும் அம்மா காகிதத்தைத் திரும்ப வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். "அப்ப அறுவத்திரெண்டுங்கறது நூத்துக்கு இல்லையா?" என்றார். கணக்கு டீச்சருக்கு வரவேண்டிய கேள்விதான்.

நூற்றுக்கு இல்லை, நூறு கோடிக்கு. பிபிபி என்றால் அதுதான். ஊதிய காற்றில் நூறு கோடி மூலக்கூறுகளை எண்ணினால் அவற்றில் 62 நைட்ரிக் ஆக்சைடு. நூறு கோடி என்பது மனதில் நிற்காது. சென்னையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் நான்கை வரிசையாக நிறுத்துவோம். அந்த நான்கு லாரித் தண்ணீருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொட்டு மை விட்டால் ஏறக்குறைய ஒரு பிபிபி. அம்மாவின் மூச்சில் 62 சொட்டு. கையில் பிடிக்கும் அளவுள்ள ஒரு கருவி இதை ஓரிரு நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொல்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இனி, அந்தப் பெண் ஏன் "மெதுவா, மெதுவா" என்று சொன்னாள் என்பதற்கு வருவோம். வீட்டில் பில்டர் காப்பி போடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கிவிடும். காப்பிப் பொடியை இறுக்கமாக அமுக்கி வெந்நீர் ஊற்றினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். டிகாக்‌ஷன் திக்காக வரும். பொடியை லேசாகப் போட்டுவிட்டால் தண்ணீர் கடகடவென்று இறங்கிவிடும். கீழே நிறம் மட்டும்தான் இருக்கும். பொடி அதேதான், தண்ணீரும் அதேதான். தண்ணீர் பொடியோடு எவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான் வேறு.

மூச்சுக்குழாயிலும் அப்படியே. நைட்ரிக் ஆக்சைடு கசிவது குழாயின் சுவரிலிருந்து. காற்று அந்தச் சுவரை உரசிக்கொண்டு மெதுவாகப் போனால் நிறைய அள்ளிக்கொள்ளும். வேகமாகப் போனால் கொஞ்சம்தான் ஒட்டும். பலமாக ஊதியிருந்தால் அம்மாவுக்கு எண்பது வந்திருக்காது. எண் 62க்கும் கீழே இறங்கியிருக்கும், உள்ளே இருக்கும் அழற்சி துளியும் குறையாமலே. அதனால்தான் உலகம் முழுவதற்கும் ஒரே வேகத்தை முடிவு செய்திருக்கிறார்கள். விநாடிக்கு 50 மில்லிலிட்டர். பெரியவர்கள் அதே வேகத்தில் பத்து விநாடி ஊதவேண்டும். ஆவின் அரை லிட்டர் பாக்கெட் கொள்ளும் காற்றைப் பத்து விநாடி நிதானமாக வெளியே விடுவதாகக் கணக்கு. கருவியின் திரையில் ஒரு சின்னப் படம் மிதக்கும். ஊதும் வேகம் கூடினாலோ குறைந்தாலோ அது நிலை தவறும், மறுபடி ஊதச் சொல்வார்கள்.

ஊதுவதற்கு முன்னால் அந்தக் கருவி வழியாகவே மூச்சை உள்ளே இழுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெளிக்காற்றில் வாகனப் புகையிலிருந்து வந்த நைட்ரிக் ஆக்சைடு இருக்கும். கருவி அதை வடிகட்டிவிட்டுத் தருகிறது. ஊதும்போது குழாயில் லேசாக ஒரு தடை இருப்பதுபோலத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புப் பொந்துகளில், சைனஸ் என்கிறோமே, அங்கே இந்த வாயு நுரையீரலில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கிறது. தடைக்கு எதிராக ஊதும்போது தொண்டையின் மேலே இருக்கும் மென்மையான அண்ணம் எழும்பி மூக்குக்குப் போகும் கதவைச் சாத்திக்கொள்கிறது. மூக்கின் சரக்கு நுரையீரலின் கணக்கில் சேராமல் இருக்க இந்த ஏற்பாடு.

எண்ணை எப்படிப் படிப்பது? அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2011இல் தந்த வழிகாட்டுதல் இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. பெரியவர்களுக்கு 25க்குக் கீழே என்றால் ஒவ்வாமை வகை அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. 50க்கு மேலே என்றால் வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு இன்ஹேலர் கேட்கும் என்றும் எதிர்பார்க்கலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த எல்லைகள் 20, 35. நடுவில் வருகிறவர்களுக்கு மற்ற விஷயங்களையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

'மற்ற விஷயங்கள்' என்பதை நான் அழுத்திச் சொல்வேன். இந்த எண்ணைத் தனியாக வைத்து யாருக்கும் ஆஸ்துமா என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது. ஒவ்வாமையால் மூக்கு ஒழுகுகிறவருக்கு ஆஸ்துமா இல்லாமலே எண் ஏறியிருக்கலாம். சளிக் காய்ச்சல் வந்தாலும் ஏறும். சிகரெட் பிடிக்கிறவருக்கு இறங்கிக் காட்டும். நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நம் வீடுகளில் கவனிக்கவேண்டிய ஒன்று, கீரையும் பீட்ரூட்டும். இரண்டிலும் நைட்ரேட் நிறைய இருப்பதால் மதியம் கீரை மசியல் சாப்பிட்டுவிட்டு நேரே போய் ஊதினால் எண் கூடலாம். சோதனைக்கு முந்தைய ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருக்கச் சொல்வது வழக்கம். ஸ்பைரோமெட்ரியும் அதே நாளில் செய்வதானால் முதலில் இதை முடித்துவிட்டுத்தான் அதைச் செய்யவேண்டும். பலமாக ஊதியபின் இந்த எண் தற்காலிகமாக இறங்கிவிடும். இன்னொன்று, ஆஸ்துமாவிலேயே எல்லா வகையும் ஒவ்வாமை வகை இல்லை. எண் குறைவாக இருந்தும் மூச்சுத் திணறுகிறவர்கள் உண்டு. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அவர்களை அனுப்பிவிடக் கூடாது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தச் சோதனைக்கான முதல் கருவிக்கு 2003இல் அனுமதி தந்தது. இருந்தும் பரவலாக வரப் பல ஆண்டுகள் ஆயின. 2020இல் புதுப்பிக்கப்பட்ட தேசிய ஆஸ்துமா வழிகாட்டுதல், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நோயைக் கண்டறியவும் கவனித்து வரவும் இதைத் துணையாக வைத்துக்கொள்ளலாம் என்றது. துணையாக என்பதுதான் அதில் முக்கியமான சொல். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரி இதற்குப் பணம் கட்டுவதில்லை, அதனால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எனக்கு இந்தச் சோதனை பிடித்திருப்பதற்கு ஒரு காரணம் நம் வீடுகளில் இன்ஹேலரைப் பற்றி இருக்கும் பயம். "அத ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா பழகிடும்" என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! நீல நிற இன்ஹேலர் உடனே மூச்சை விடுவிப்பதால் அதை விரும்பி எடுத்துக்கொள்வார்கள். தினமும் எடுக்கவேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். நீலம் சுருங்கிய தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. ஸ்டீராய்டு இன்ஹேலர் அழற்சியைத் தணிக்கும். போதைப் பொருள்போலப் பழக்கமாகும் மருந்தும் இல்லை. எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும். ஒழுங்காக எடுத்தால் சில நாட்களிலேயே நைட்ரிக் ஆக்சைடு இறங்கத் தொடங்கும். இறங்கவில்லை என்றால் மருந்து உள்ளே போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். எடுத்துக்கொள்ளும் முறை தவறாக இருக்கலாம், எடுக்காமலே இருந்திருக்கலாம். டாக்டர் அப்போது மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் "எப்படி இழுக்கிறீங்க, காட்டுங்க" என்று கேட்க முடிகிறது. திட்டுவதற்கு அல்ல, பேச்சைத் தொடங்குவதற்கு.

இவ்வளவும் கேட்ட தோழி ஒரு கேள்வி கேட்டாள். மூச்சை வைத்து ஆஸ்துமாவைத் தெரிந்துகொள்ள முடியும் என்றால் கேன்சரையும் தெரிந்துகொள்ளலாமே? செய்திகளில் அடிக்கடி வருகிறதே?

வருகிறது, முயற்சியும் நிஜம்தான். அதில் பெரும் உழைப்பைப் போட்டவர்களில் ஒருவர் எங்கள் நியூ ஜெர்சியில் மென்சானா ரிசர்ச் என்ற நிறுவனத்தை நடத்திய டாக்டர் மைக்கேல் ஃபிலிப்ஸ். மார்பு எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து, அடுத்த சோதனைக்குக் காத்திருந்த 108 பேரின் மூச்சை ஆராய்ந்து, 22 பொருள்களைச் சேர்த்துப் பார்த்தால் நுரையீரல் புற்று உள்ளவர்களைப் பிரித்தறிய முடிகிறது என்று 1999இல் 'லான்செட்' இதழில் அவரும் சகாக்களும் எழுதினார்கள். 2003இல் அவர்களே செய்த அடுத்த ஆய்வில் பட்டியல் ஒன்பது பொருள்களாக மாறியிருந்தது. உலகில் மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் வேறு வேறு பட்டியல்கள் வந்தன.

பட்டியல் ஏன் மாறுகிறது? நைட்ரிக் ஆக்சைடைப் பொறுத்தவரை ஒரு வாயு, அது வரும் ஒரு சுவர், வருவதற்கு ஒரு காரணம் என்று சங்கிலி நீளமில்லாமல் இருக்கிறது. புற்றுநோய்க்கென்று மட்டும் மூச்சில் வரும் ஒரு தனிப் பொருள் இதுவரை அகப்படவில்லை. இருப்பவை எல்லாம் எல்லோரிடமும் கொஞ்சம் இருப்பவை. சிலரிடம் கொஞ்சம் கூட, சிலரிடம் கொஞ்சம் குறைய. அதோடு வெளியுலகமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த 22இல் பென்சீன் வகைப் பொருள்கள் இருந்தன. சிகரெட் புகையிலும் பெட்ரோல் பங்க்கிலும் இருப்பதும் பென்சீன்தான். தோசைக் கடையில் ஒரு மணி நேரம் நின்றவர் சட்டையில் எண்ணெய் வாசனை வருவதை வைத்து அவர் தோசை சுட்டார் என்று சொல்லிவிட முடியுமா? ஃபிலிப்ஸ் இதை நன்றாக அறிந்திருந்தார். ஒவ்வொருவரின் மூச்சோடு அந்த அறையின் காற்றையும் தனியாகப் பிடித்து அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். ஆனாலும் நேற்று சுவாசித்த காற்று இன்று ரத்தத்திலிருந்து வெளியே வரும்போது அதை எப்படிக் கழிப்பது? இதே வழியில் காசநோயைக் கண்டறியவும் அவர் முயன்றார். அந்த ஆய்வுக்கான மூச்சுகள் பிலிப்பைன்ஸ், இங்கிலாந்து, இந்தியா மூன்று இடத்திலிருந்தும் வந்தன. சளி துப்பமுடியாத குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அப்படி ஒரு சோதனை வந்தால் எவ்வளவு பெரிய உதவி! அதற்காகவே இந்த ஆராய்ச்சி நிற்கக் கூடாது என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் இன்றைக்கு யாராவது ஊதவைத்துப் புற்று இல்லை என்று சொன்னால் அதை நம்பி சிடி ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வந்த ஒன்றையும் சொல்லவேண்டும். டெக்சாஸில் நம்மவர்கள் ஏராளமாகக் குடியிருக்கும் ஃப்ரிஸ்கோ நகரத்து இன்ஸ்பெக்ட்ஐஆர் நிறுவனத்தின் கொரோனா மூச்சுச் சோதனைக்கு 2022 ஏப்ரலில் அவசர அனுமதி கிடைத்தது. விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பெட்டி அளவில் ஒரு கருவி. ஐந்து பொருள்களை மூச்சில் தேடி, மூன்று நிமிடத்துக்குள் முடிவு சொன்னது. 2,409 பேரிடம் சோதித்ததில் தொற்று உள்ளவர்களில் 91.2 சதவீதத்தினரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 99.3 சதவீதத்தினரை இல்லை என்று சரியாகச் சொன்னது.

கேட்க அருமையாக இருக்கிறது. அம்மா மடமடவென்று கணக்குப் போட்டார். ஆயிரம் பேரில் 42 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொண்டால் கருவி 38 பேரைப் பிடிக்கும், நான்கு பேரை விட்டுவிடும். தொற்று இல்லாத 958 பேரில் ஏழு பேரையும் தவறுதலாகப் பிடிக்கும். பரவாயில்லை. அலை ஓய்ந்து ஆயிரத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தொற்று என்றால்? அந்த இரண்டு பேரோடு, இல்லாத ஏழு பேரும் பிடிபடுவார்கள். கருவி மாறவில்லை, ஊர்தான் மாறியது. ஊதிப் பார்த்து இருக்கிறது என்று வந்தால் இன்னொரு முறையான சோதனை செய்து உறுதிப்படுத்தவேண்டும் என்று அனுமதி தந்தவர்கள் சொன்னதன் காரணம் இதுதான்.

ஆறு வாரம் கழித்து அம்மா மறுபடி ஊதப் போனார். தினமும் காலையும் இரவும் இன்ஹேலர், எடுத்தபின் வாய் கொப்பளிப்பு, படுக்கையறை ஜன்னலைச் சாத்தி வைப்பது எல்லாம் பள்ளிக்கூட ஒழுங்கோடு நடந்திருந்தது. இந்த முறை முதல் தடவையிலேயே வேகம் சரியாக வந்துவிட்டதாம். எண் 27. இரவில் தூங்குகிறார் என்று தோழி சொன்னாள். எனக்கு அந்த எண்ணைவிட இதுதான் முக்கியமாகப் பட்டது.

அம்மாவுக்கு வேறொரு கவலை. "எதுத்த வீட்டுல அந்தத் தாத்தா இருக்காரு பாரு கண்ணு, நாப்பது வருசமா பீடி குடிச்ச மனுசன். மாடிப்படி ஏறினா இளைக்குது. அவரையும் கூட்டிட்டுப் போயி இதுல மெதுவா ஊதச் சொல்லலாமா?"

அவருக்கு இது பெரிதாக உதவாது. பல ஆண்டுப் புகையால் மூச்சுக்குழாய் தடித்து, காற்றறைகள் சிதைந்துபோகும் சிஓபிடி நோயில் பெரும்பாலும் அழற்சியின் வகை வேறு. நைட்ரிக் ஆக்சைடு ஏறாமலே இருக்கும். இன்னும் புகைத்துக்கொண்டிருந்தால் சாதாரணத்தைவிடவும் இறங்கியிருக்கும். எண் 12 என்று வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்குத் தெரியவேண்டியது குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பது. அதற்கு அந்தப் பழைய ஸ்பைரோமெட்ரிதான் சரி.

"அதுல பலமா ஊதலாமில்ல?" என்றார் அம்மா.

எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவும்.